எண்பத்தெட்டு ஓம்

நவம்பர் 4, செவ்வாய்

மாலை 6.40-க்குச் செம்பாயிக்குப் பெண் குழந்தை. முப்பத்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. எடை 1.900. பிறந்ததும் அழுதது.

குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரை 5.40-க்கே போட்டுவிட்டேன். குழந்தையைத் துடைத்து அதன் கீழே கிடத்தி, வயிற்றில் சென்சார் ஒட்டினேன். ஹீட்டர் 100 என்று திரையில் வந்தது. முழுச் சூடு என்று அர்த்தம். ஆனால் குழந்தையின் வெப்பம் 35.1. குறைந்தது 36.5 இருக்க வேண்டும். கால் மணி கழித்து 35. அரை மணியில் 34.9. ஏற வேண்டியது இறங்குகிறது. பாதம் நீலமாகத் தெரிந்தது.

எங்கள் சுகாதார நிலையத்தின் டாக்டர் ஹஸீனா மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். போனில், "அம்மா நெஞ்சோட சேத்துக் கட்டி உடனே அனுப்பிடுங்க கோகிலா சிஸ்டர்" என்றார். அப்படியே செய்தேன். ஆம்புலன்ஸ் மலை இறங்க இரண்டு மணி நேரம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 34.2 என்று சொன்னார்கள்.

5.40-க்குத்தான் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

துணி ஊறவைத்தேன். அலசவில்லை. குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். மூன்று முறை போன் செய்தேன். நான்காவது முறை அங்கிருந்த சிஸ்டர், "ஏதாச்சும்னா நாங்களே கூப்பிடறோம் சிஸ்டர்" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

செம்பாயியின் கணவன் சீரங்கன் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான். பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். காலை பத்து மணிக்குப் புறநோயாளிகள் வரிசை நிற்கும்போது நேராக என் மேசைக்கு வந்தான்.

"சிஸ்டர், அந்த மெஷினுக்குக் கீழ வெச்ச புள்ள எப்படி ஐஸ் மாதிரி ஆச்சு? சுவிட்ச் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் தம்பி. அஞ்சு நாப்பதுக்கே போட்டேன்."

"பதினொரு வருசமா கரண்ட் வேலை பாக்கறேன். சுவிட்ச் போட்டா கம்பி சுடும். சுடலைன்னா போடலைன்னு அர்த்தம். வேற ஒண்ணும் கிடையாது."

வரிசையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டேன். மாத்திரையை எண்ணும்போது இரண்டு தடவை கணக்கு விட்டுப்போனது.

மாலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், சும்மாதான். ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்களாம்.

நவம்பர் 8, சனி

மெமோ வந்துவிட்டது. வட்டார மருத்துவ அலுவலர் கையெழுத்து. 'வார்மரை உரிய நேரத்தில் இயக்காமல் கவனக்குறைவாக இருந்தது குறித்து' பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பதினேழு வருட வேலையில் முதல் மெமோ.

மகள் கயலிடம் சொல்லவில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, ஹாஸ்டலில் இருக்கிறாள். இது எதற்கு அவளுக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

வார்மர் கம்பெனியிலிருந்து சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். மதியம் பன்னிரண்டரை. மெஷினைப் போட்டு இருபது நிமிடம் நின்றார். கையை நீட்டச் சொன்னார். நன்றாகச் சுட்டது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க சிஸ்டர். முன்கூட்டியே போட்டுச் சூடாக்கணும், அவ்வளவுதான்." அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் ஒரு பிரதி வட்டார அலுவலகத்துக்குப் போகும்.

மெஷின் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது நான்தான்.

நவம்பர் 12, புதன்

தடுப்பூசி நாள். நாற்பத்தொரு குழந்தைகள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதி வழி வந்தபிறகு கேஸை அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. நேற்றும் அப்படித்தான்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று மாலை ஒரு பிரசவம். நிறைமாதம், மூன்று கிலோ, ஆண். அழுத குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சிலேயே போட்டுவிட்டேன். வார்மர் தேவைப்படவில்லை. ஆனால் முக்கால் மணி முன்பே அதைப் போட்டு வைத்திருந்தேன். நேரத்தைச் சுவரில் பென்சிலால் எழுதினேன்: 4.35.

5.20-க்குக் கையை நீட்டினேன். திரையில் 100. கைக்கு வெதுவெதுப்புதான். செவ்வாய்க்கிழமை மதியம் சுட்டதில் பாதிகூட இல்லை.

இன்றைக்கு நேரத்தில் சந்தேகமே இல்லை. சுவரில் இருக்கிறது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். டியூப் லைட் முழுதாக எரியாமல் இரண்டு முனையிலும் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. நல்லம்மாவைக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக இங்கே ஆயாவாக இருக்கிறவர்.

"இது எப்பவும் அப்படித்தானுங்க சிஸ்டர். பிரசவம்னா அந்த லைட்டு அழும்" என்றார்.

"மத்த நேரம்?"

"மத்த நேரம் ஜம்முனு எரியுமே."

நவம்பர் 15, சனி

வார்மரின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. இத்தனை வருடத்தில் படித்ததில்லை. ஹீட்டர்: 230 ஓல்ட், 600 வாட். நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கயல் போன் பேசும் நேரம் அரை மணி. பத்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னாள். பிறகு நான் கேட்டேன்: "ஒரு ஹீட்டர்ல 230 ஓல்ட், 600 வாட்னு போட்டிருந்தா அதுல எவ்வளவு கரண்ட் போகும்?"

"அம்மா? நீயா கேக்கற?"

பிளஸ் டூவில் பிசிக்ஸில் நான் வாங்கியது இருநூறுக்கு எழுபத்தொன்று. அது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுடி."

"ஓல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். அப்ப வாட்டை ஓல்ட்டால வகு, ஆம்பியர் வரும். ஓல்ட்டை ஆம்பியரால வகுத்தா அந்தக் கம்பியோட மின்தடை, ஓம். எதுக்கும்மா?"

"சும்மா."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 600-ஐ 230-ஆல் வகுத்தால் 2.6 ஆம்பியர். 230-ஐ 2.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 88. இதுதான் ஹீட்டர் கம்பியின் மின்தடை. எண்பத்தெட்டு ஓம்.

மின்தடை என்றால் என்னவென்று படிக்கும் காலத்தில் எனக்குப் புரிந்ததே இல்லை. இன்று சட்டென்று புரிந்தது. தினமும் செய்கிற வேலைதான். குளுக்கோஸ் பாட்டிலை உயரத்தில் தொங்கவிடுகிறோமே, அந்த உயரம்தான் ஓல்ட். சொட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அது ஆம்பியர். ஊசி எவ்வளவு மெல்லியதோ அது ஓம். சொட்டு மெதுவாக விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஊசி அடைத்திருக்கிறதா, பாட்டில் தாழ்ந்துவிட்டதா என்று இரண்டையும் பார்ப்போம். மெஷினைப் பார்த்தவர் ஊசியை மட்டும்தான் பார்த்தார். பாட்டில் எங்கே தொங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பிரசவ நேரத்தில் வார்மருக்கு எத்தனை ஓல்ட் வருகிறது, எத்தனை ஆம்பியர் போகிறது என்று ஒரே சமயத்தில் அளந்தால் தெரிந்துவிடும். வகுத்தால் 88 வரவேண்டும். வந்தால் ஹீட்டர் நல்லது. பெருக்கினால் எத்தனை வாட் வருகிறதோ அதுதான் குழந்தைக்குக் கிடைத்த சூடு.

அளக்கும் கருவி என்னிடம் இல்லை. இந்த மலையில் யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 17, திங்கள்

போகவில்லை. பதிவேடுகளை அடுக்கி வைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சீரங்கன் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்திருப்பதாக நல்லம்மா சொன்னார். மதியம் நடந்தே போனேன். வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"புள்ள எப்படி இருக்கு தம்பி?"

"பால் குடிக்குது. ஆக்சிஜன் எடுத்துட்டாங்க. அதான் உங்களுக்கே தெரியுமே. தினமும் ஒரு சிஸ்டர் போன் பண்ணிக் கேக்கறாங்கன்னு அங்க சொன்னாங்க."

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். கணக்கு எல்லாம் அதில் எழுதியிருந்தேன். நின்றபடியே படித்தான். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யார் போட்டது?"

"நான்தான். தப்பா இருக்கா?"

"தப்பில்லை." மறுபடியும் படித்தான். "அன்னிக்கு நான் சொன்னேனே, சுடலைன்னா போடலைன்னு அர்த்தம்னு…" தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"நான் போட்டேன், போடலை, அதெல்லாம் இருக்கட்டும். நீ வந்து அளந்து பாரு. ஹீட்டர் நல்லா இருந்து, கரண்டும் நல்லா இருந்தா, தப்பு என் மேலதான். நானே எழுதிக் குடுத்துடறேன்."

"கிளாம்ப் மீட்டர் பையிலதான் இருக்கு" என்றான். "காலைல வர்றேன்."

நவம்பர் 19, புதன்

எட்டு மணிக்கே வந்துவிட்டான். டாக்டர் ஹஸீனாவும் கூட நின்றார். நல்லவேளையாகப் பிரசவ அறை காலியாக இருந்தது.

வார்மருக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் ஒயரின் மேல்தோலைக் கொஞ்சம் உரித்து, உள்ளே இருந்த ஒரு ஒயரை மட்டும் தனியே இழுத்து, மீட்டரின் வாயை அதில் மாட்டினான்.

"ரெண்டையும் சேத்து மாட்டினா பூஜ்யம்தான் காட்டும். போறதும் வர்றதும் கழிஞ்சிடும்" என்றான் டாக்டரிடம்.

வார்மரைப் போட்டோம். வேறு எதுவும் ஓடவில்லை. நான் எழுதினேன்: 195 ஓல்ட், 2.21 ஆம்பியர். வகுத்தால் 88. பெருக்கினால் 431 வாட்.

"ஹீட்டர் நல்லா இருக்கு" என்றான் சீரங்கன். குரல் இறங்கியிருந்தது. "ஓல்ட் கொஞ்சம் கம்மி. ஆனா இந்தச் சூடு போதுமே."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நல்லம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"தம்பி, பிரசவம்னா என்னென்ன போடுவோமோ எல்லாத்தையும் போட்டுப் பாக்கலாம்."

வெந்நீருக்குக் கீசர். கத்தரி, இடுக்கி எல்லாம் அவிப்பதற்கு ஆட்டோகிளேவ். ஒவ்வொன்றாகப் போட்டேன். கீசரைப் போட்டதும் டியூப் லைட் மங்கியது. ஆட்டோகிளேவைப் போட்டதும் அழ ஆரம்பித்தது.

சீரங்கன் மீட்டரைப் படித்தான். "நூத்தி அறுபது ஓல்ட். ஒண்ணு புள்ளி எட்டு ரெண்டு ஆம்பியர்."

வகுத்தேன். 87.9. அதே எண்பத்தெட்டு. பெருக்கினேன். 291 வாட். இன்னொரு தடவை பெருக்கினேன்.

"அறுநூறுல பாதிகூட இல்லை" என்றார் டாக்டர். "ஓல்ட் மூணுல ஒரு பங்குகூடக் குறையலையே, சூடு எப்படிப் பாதியாச்சு?"

"ஓல்ட் குறைஞ்சா ஆம்பியரும் கூடவே குறையுது மேடம். ரெண்டும் குறைஞ்சதைப் பெருக்கறோமில்ல" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

சீரங்கன் மீட்டரோடு பழைய கட்டடத்துக்கு நடந்தான். மெயின் போர்டு அங்கேதான். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே அளந்தான்: 205 ஓல்ட். பிரசவ அறைக்கு வரும் ஒயரில் 15 ஆம்பியர். அங்கே 205, இங்கே 160. நடுவில் 45 ஓல்ட் காணாமல் போயிருக்கிறது. தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே போடுங்க சிஸ்டர்" என்றான்.

45-ஐ 15-ஆல் வகுத்தேன். மூன்று ஓம். அது அந்த ஒயரின் மின்தடை. 45-ஐ 15-ஆல் பெருக்கினேன். 675 வாட்.

பிரசவ அறையைப் பின்னால் புதிதாகக் கட்டியபோது, பழைய கட்டடத்திலிருந்து எழுபது மீட்டருக்கு மெல்லிய அலுமினிய ஒயரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டு அதன் வழியே தடவிக்கொண்டே போனோம். ஒயர் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் ஒரு ஜாயிண்ட். சுற்றியிருந்த டேப் உருகிக் கருத்திருந்தது. சீரங்கன் அதன் அருகே கையைக் கொண்டுபோய் உடனே எடுத்துக்கொண்டான்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "என் புள்ளைக்கு வந்த சூட்டைவிட இந்தச் செவுத்துக்குத்தான் அதிகமாப் போயிருக்கு சிஸ்டர்."

நானும் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அன்னிக்குக் கீசரையும் ஆட்டோகிளேவையும் போட்டது நான்தான் தம்பி. குறைமாசப் பிரசவம், எல்லாம் தயாரா இருக்கணும்னு ஒண்ணாப் போட்டுட்டேன்."

மீட்டரைப் பையில் வைத்தான்.

"வெந்நி போடாம எப்படிங்க பிரசவம் பாப்பீங்க" என்றான்.

நவம்பர் 20, வியாழன்

மெமோவுக்குப் பதில் எழுதி முடித்தேன். மூன்று பக்கம். அளவுகள் எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். சீரங்கன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

கடைசிப் பத்தியை மூன்று முறை எழுதினேன். 'வார்மரை 5.40-க்கு இயக்கியதாக முன்பு வாய்மொழியாகச் சொன்னேன். அது 5.40-ஆ 6 மணியா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. பதிவேட்டில் நேரத்தைக் குறிக்கவில்லை.'

டாக்டர் ஹஸீனா படித்துவிட்டு, "இந்த வரியை எடுத்துடுங்க சிஸ்டர். தேவையே இல்லை. ஒயர்தான் காரணம்னு ஆயிடுச்சே" என்றார்.

"291 வாட்ல ஆறு மணிக்குப் போட்டாலும் அஞ்சு நாப்பதுக்குப் போட்டாலும் அந்தப் புள்ளைக்குச் சூடு பத்தாமத்தான் போயிருக்கும் மேடம். ஆனா எனக்கு நினைவில்லைங்கறது உண்மை. இருக்கட்டும்."

அவர் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இரவு சோறு வடித்துச் சாப்பிட்டேன். கேஸை ஒரு முறைதான் பார்த்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

பிரசவ அறைக் கதவில் தாள் ஒட்டினேன்: 'வார்மர் ஓடும்போது கீசரும் ஆட்டோகிளேவும் போடக்கூடாது. வெந்நீர் கேஸ் அடுப்பில். கருவிகளை மதியமே அவித்து வைக்கவும்.' சீரங்கன் அந்த ஜாயிண்டைப் பிரித்துச் சுத்தம் செய்து புதிதாகப் போட்டுக்கொடுத்தான். ஒயரை மாற்றும்வரை தாங்கும் என்றான்.

நவம்பர் 24, திங்கள்

அடைமழை. மூன்று மணிக்கு வெள்ளையம்மா என்ற பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். இருபத்தொரு வயது, முதல் பிரசவம், முப்பத்தைந்து வாரம். மழையில் ரோட்டில் மரம் விழுந்திருந்தது. ஆம்புலன்ஸ் மேலே வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன ஆனாலும் இங்கேதான்.

நல்லம்மா அடுப்பில் அண்டாவை ஏற்றினார். ஆட்டோகிளேவ் வேலை மதியமே முடிந்திருந்தது. வார்மரை 3.30-க்குப் போட்டேன். பதிவேட்டில் எழுதினேன். சீரங்கன் விட்டுப்போயிருந்த மீட்டரில் பார்த்தேன்: 196.

5.05-க்குக் குழந்தை பிறந்தது. ஆண். 2.050. அழவில்லை. டாக்டர் முதுகைத் தேய்த்தார், மூக்கைத் துடைத்தார். நான் காற்றுப் பையை முகத்தில் வைத்து அழுத்தி மூச்சு கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நல்லம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒரு முனகல். பிறகு அழுகை.

அம்மாவுக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. அதனால் குழந்தையை அவள் நெஞ்சில் போட முடியவில்லை. வார்மர்தான்.

முதல் அளவு 36. நான் கண்ணை எடுக்கவில்லை. டியூப் லைட் நின்று எரிந்தது. பத்து நிமிடத்தில் 36.1. "ஏறுதா சிஸ்டர்?" என்று டாக்டர் அந்தப் பக்கமிருந்து கேட்டார். அவர் கை வேலையில் இருந்தது. "ஏறுது மேடம்." 36.3. ரத்தம் நின்றது. 36.5. குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. சூடு.

36.7-இல் நின்றது.

வெள்ளையம்மா, "ஏன் சிஸ்டர் அழறீங்க? புள்ளைக்கு என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "ஒண்ணுமில்லைம்மா, நல்லா இருக்கான்" என்று தூக்கிக் காட்டினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வட்டார மருத்துவ அலுவலர் நேரில் வந்தார். தானே மீட்டரைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார்த்தார். மெமோ மீது மேல்நடவடிக்கை இல்லை, இனி வார்மர் போடும் நேரத்தை எழுத வேண்டும் என்று உத்தரவு. நியாயம்தான்.

ஒயர் மாற்றும் வேலையும் இன்றே முடிந்தது. தடித்த செம்புக் கம்பி. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போதும் இப்போது 197 ஓல்ட். பெருக்கிப் பார்த்தேன்: 441 வாட்.

போகும்போது அவர் கேட்டார்: "மத்த ஆறு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இதே மாதிரி பாத்துட்டு வர முடியுமா சிஸ்டர்?"

முடியும் என்றேன்.

கயலுக்குப் போன் செய்து மெமோவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். பிறகு, "எழுபத்தொரு மார்க்குக்கு இது அதிகம்மா" என்றாள்.

டிசம்பர் 17, புதன்

தடுப்பூசி நாள். முப்பத்தெட்டு குழந்தைகள். இருபத்தாறாவதாகச் செம்பாயி வந்தாள். குழந்தை 2.800. கன்னம் வைத்திருக்கிறது. ஊசி போட்டதும் வளாகமே அதிரும்படி கத்தியது. செம்பாயி கலங்கிவிட்டாள். எனக்கு அந்தச் சத்தம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்றிருந்தது.

மாலை ஆறு மணிக்குப் போன். செம்பாயிதான்.

"சிஸ்டர், புள்ளைக்கு உடம்பு சுடுதுங்க. கையை வெச்சா நல்லாத் தெரியுது."

"ஊசி போட்டா ஒரு நாள் சுடும்மா. குடுத்த சொட்டு மருந்தைக் குடு. பால் குடுத்துக்கிட்டே இரு. பயப்படாதே."

பின்னால் சீரங்கன், "என்ன சொல்றாங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது. லீவில் வந்திருக்கிறான் போலிருக்கிறது. அவள் சொன்னாள். அவன் போனை வாங்கினான்.

"அப்ப சரிங்க சிஸ்டர்," என்றான். "சுடட்டும்."